எது நிற்கும், எது விழும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த மூட்டைகளின்மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்த பிறகே வெளியே விட்டார்கள் என்கிறது பட்டினப்பாலை. சுங்கம் வாங்கியவர்கள் சோம்பாமல் வேலை பார்த்ததைக்கூடச் சொல்கிறது. அந்தப் புலி அச்சை வெட்டிக் கொடுத்தவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சரக்கும் சுங்கமும் அரசனும் பாட்டில் ஏறிவிட்டார்கள். அச்சு வெட்டியவன் கரையிலேயே நின்றுவிட்டான். இங்கே பேசப்போவது அவனுடைய தொழில் வாரிசுகளைப் பற்றி.

மயிலாடுதுறையிலிருந்தோ சீர்காழியிலிருந்தோ பூம்புகாருக்கு பஸ் ஏறினால், வழியில் வரும் கடைத்தெருக்களில் ‘ஸ்டிக்கர் கட்டிங், ரேடியம் ஒர்க், ஃப்ளெக்ஸ்’ என்று போர்டு வைத்த சின்னக் கடை ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதில் கோரல் டிரா. பக்கத்தில் இரண்டடி அகல ரோல் போகிற கட்டிங் பிளாட்டர். மூலையில் சுருட்டி நிறுத்திய ஸ்டிக்கர் ரோல்கள். பைக்குக்குப் பெயர், ஆட்டோவுக்குக் குலதெய்வம், கடைக் கண்ணாடிக்கு விலைப்பட்டியல், படகுக்கு நம்பர் என்று எல்லாம் அங்கேதான் வெட்டப்படுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே வேலையைச் செய்தவரிடம் இருந்தவை பெயின்ட் டப்பா, பிரஷ், நூல்கண்டு, சாக்பீஸ், கொஞ்சம் தகரம்.

தகரம் எதற்கு என்று இன்றைய பையன்களுக்குத் தெரியாது. ஒரே எழுத்தை நூறு இடத்தில் போட வேண்டுமானால் அச்சு வெட்டியாக வேண்டும். ரைஸ் மில் சாக்குகளில் மில் பெயர், கொள்முதல் நிலையத்துச் சாக்குகளில் அடையாளம், மின்கம்பங்களில் எண், சுவர்களில் தேர்தல் சின்னம் எல்லாமே ஸ்டென்சில்தான். சாக்குக்குத் தகரம் வேண்டும், இல்லையென்றால் நாலு நாளில் ஊறிக் கிழிந்துவிடும். சுவருக்குக் கனத்த அட்டையோ பழைய எக்ஸ்ரே ஃபிலிமோ போதும். எக்ஸ்ரே ஃபிலிம் பெயின்டில் ஊறாது, வளைந்தாலும் முறியாது, துணியால் துடைத்து மறுபடி போடலாம்.

‘பூம்புகார்’ என்று ஓர் அச்சு வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். தகரத்தில் எழுத்தை வரைந்து உளியால் ஓரத்தைச் சுற்றி வெட்டினால் எழுத்து கீழே விழும். அது விழுந்த ஓட்டை வழியாகத்தான் மை போகும். ‘ர’ தொல்லை இல்லை, அப்படியே விழுந்துவிடும். புள்ளி அதைவிடச் சுலபம். ‘ம’ வந்ததும் கை நிற்க வேண்டும். அதன் வலப்பக்கம் மூடிய சுழி. சுற்றி வெட்டினால் சுழிக்கு நடுவே நிற்க வேண்டிய தகரத் துண்டும் சேர்ந்து விழுந்துவிடும். சாக்கில் சுழி இருக்கிற இடத்தில் ஒரு மைத்திட்டுதான் மிஞ்சும். ‘க’வின் இடப்பக்கச் சுழிக்கும் இதே கதி. ஆகவே சுழிக்குள்ளிருக்கும் துண்டை வெளித்தகரத்தோடு இணைக்க மேலே ஒன்று, கீழே ஒன்று என மெல்லிய பட்டைகளை வெட்டாமல் விட வேண்டும். சாக்கில் அந்தப் பட்டைகள் எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கீறலாகத் தெரியும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். கடைப் பலகை என்றால் அச்சை எடுத்த பிறகு பிரஷால் அந்தக் கீறலை மூடிவிடுவார்கள்.

பட்டை எங்கே விடுவது என்பதில்தான் ஆளின் தேர்ச்சி தெரியும். மிக மெல்லியதாக விட்டால் நாலாவது முறை துடைக்கும்போது ஒடியும். தடிமனாக விட்டால் எழுத்து எழுத்தாகவே தெரியாது. வெட்டும் வரிசையும் முக்கியம்: உள்ளே இருக்கும் சின்ன வெட்டுகளை முதலில் முடித்துவிட்டு வெளி ஓரத்துக்கு வர வேண்டும். வெளியே முதலில் வெட்டிவிட்டால் தகடு தளர்ந்து, உள்வெட்டின்போது கோணிக்கொள்ளும். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. கூட உட்கார்ந்து பார்த்துப் படித்ததுதான். தப்பாக வெட்டிய தகரத்தை ஒட்ட முடியாது என்பதால், வெட்டுவதற்கு முன்னால் யோசிக்கிற நேரமே வெட்டுகிற நேரத்தைவிட அதிகம்.

கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் போனது அந்தப் பயம்தான். வெட்டு தப்பினால் கன்ட்ரோல் இசட்.

திரையில் கோட்டால் படம் வரையலாம் என்று காட்டியவர் ஐவன் சதர்லேண்ட், 1963-இல், ஸ்கெட்ச்பேட் என்ற நிரலால். அது ஆராய்ச்சிக்கூடத்து இயந்திரம். மேசைக் கணினிக்கு அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987-இல் வந்தது; கனடாவின் கோரல் நிறுவனம் 1989-இல் கோரல் டிராவைக் கொண்டுவந்தது. நம் ஊர்ப்பக்கத்துக் கடைகளில் கோரலே ராஜா. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கட்சி பேனர் எதுவானாலும் கோப்பு கோரலில்தான் வரும், போகும். 2003-இல் வந்த இன்க்ஸ்கேப் காசில்லாமல் கிடைத்தும், ‘அண்ணே, கோரல் ஃபைலா அனுப்புங்க’ என்ற ஒரு வாக்கியம் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இவற்றில் எழுத்தோ படமோ புள்ளிப் புள்ளியான நிறமாக இருப்பதில்லை; ஓரக்கோடாக இருக்கிறது. ஓரத்தில் அங்கங்கே நோடுகள், அவற்றுக்கிடையே வளைவுகள். அந்தக் காலத்தில் பெரிய படத்தைச் சுவருக்கு மாற்ற, தாளில் ஓரம் நெடுகத் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். தாளை எடுத்தால் சுவரில் புள்ளி வரிசை நிற்கும், அதைப் பிரஷ் இணைக்கும். கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. துளைக்கு நடுவே கோடு எப்படிப் போக வேண்டும் என்பதை அன்று கை தீர்மானித்தது. இன்று நோடிலிருந்து நீளும் இரண்டு கைப்பிடிகள் தீர்மானிக்கின்றன.

தமிழ் எழுத்தை இதற்குள் கொண்டுவந்தது தனிக் கூத்து. தட்டச்சு செய்த பெயரை ‘கன்வெர்ட் டு கர்வ்’ கொடுத்தால் அது எழுத்து என்ற தகுதியை இழந்து வெறும் வடிவமாகிவிடும். ஃபான்ட் இல்லாத கணினியிலும் திறக்கும் என்பதால் அச்சகத்துக்கு அனுப்பும் முன் எல்லோரும் இதைச் செய்வார்கள். அடுத்து ‘பிரேக் அபார்ட்’ கொடுத்துப் பாருங்கள். ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். புள்ளிகள் தனியாகக் கழன்றுகொள்ளும். அதோடு ‘ம’வின் சுழி, ‘க’வின் சுழி, கொம்பின் சுழி எல்லாம் நிறத்தால் அடைந்துபோகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் நாளிலேயே இதில் மாட்டுவான். “தம்பி, சுழியெல்லாம் அடைஞ்சு போச்சு பாரு, கம்பைன் குடு” என்பார் கடைக்காரர். எழுத்தின் ஓரத்தையும் சுழியின் உள்ஓரத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எல் அழுத்தினால் சுழி திறந்துகொள்ளும்.

ஏன் திறக்கிறது? சுழியின் நடுவே ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து நேராக வெளியே ஒரு கோடு இழுத்து, அது எத்தனை ஓரங்களைத் தாண்டுகிறது என்று மென்பொருள் எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் உள்ளே, நிறம் உண்டு. இரட்டைப்படை என்றால் வெளியே, நிறம் இல்லை. சுழியின் நடுவிலிருந்து கிளம்பும் கோடு உள்ஓரம் ஒன்று, வெளிஓரம் ஒன்று என இரண்டைத் தாண்டும். ஆகவே அது ஓட்டை. பிரேக் அபார்ட் கொடுத்ததும் இரண்டு ஓரங்களும் தனித்தனிப் பொருளாகிவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தன் ஓரம் மட்டும் கணக்கு. எண்ணிக்கை ஒன்று, சுழி அடைந்துவிடுகிறது. தகரக்காரர் உளியைக் கையில் எடுக்கும் முன் பார்த்த அதே ‘எது உள்ளே, எது வெளியே’ தான் இங்கே எண்ணிக்கையாக மாறியிருக்கிறது.

வளைவை வெட்டுவதில் இன்னும் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. பிரான்சில் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் வேலை பார்த்த போல் த காஸ்தல்ஜோ என்ற கணிதக்காரர் 1959-இல் கண்டுபிடித்தது அது. நிறுவனம் அதைத் தொழில் ரகசியம் என்று பூட்டிவைத்தது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியர் பெசியர் தானாகவே இதே வளைவுகளுக்கு வந்து சேர்ந்து, 1960-களில் வெளியிட்டார். பெயர் அவருக்குப் போய்விட்டது. இன்று உலகமே ‘பெசியர் வளைவு’ என்கிறது. பூட்டிவைத்த நிறுவனத்துக்கு நன்றாக வேண்டும்.

ஒரு கிராஃப் தாளில் நான்கு புள்ளிகள் வையுங்கள்: (0,0), (0,4), (4,4), (4,0). முதலும் கடைசியும் நோடுகள். நடுவிலிருக்கும் இரண்டும் கைப்பிடி முனைகள். இந்த வளைவை நட்டநடுவில் வெட்ட வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளின் நடுப்புள்ளிகளை எடுங்கள்: (0,2), (2,4), (4,2). அவற்றின் நடுப்புள்ளிகள்: (1,3), (3,3). இந்த இரண்டின் நடுவே: (2,3). வளைவு சரியாக அந்த இடத்தில்தான் போகிறது, அங்கே வெட்டலாம். வேடிக்கை இனிமேல்தான். இடப்பக்கத் துண்டுக்கு வேண்டிய நான்கு புள்ளிகளும் ஏற்கனவே தாளில் இருக்கின்றன: (0,0), (0,2), (1,3), (2,3). வலப்பக்கத்துக்கு (2,3), (3,3), (4,2), (4,0). புதிதாக ஒன்றும் கணக்கிட வேண்டாம். வெட்டிய பிறகும் வளைவின் வடிவம் ஒரு மயிரிழைகூட மாறுவதில்லை. தகரத்தில் உளி இறங்கினால் ஓரம் கொஞ்சமாவது நசுங்கும். இதில் அந்தச் சேதாரம் இல்லை. கத்திக் கருவியை எடுத்து ஒரு வடிவத்தின் குறுக்கே இழுக்கும் ஒவ்வொரு தடவையும், வளைவான ஓரங்களைப் பிரிக்க உள்ளே நடப்பது இந்த மாதிரிக் கணக்குதான்.

ஓரத்தைப் பிரிப்பது ஒன்று. இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது யாருக்கு எது சொந்தம் என்று பிரித்துக் கொடுப்பது வேறு. வெல்ட் என்றால் இரண்டும் ஒன்றாகும். ட்ரிம் என்றால் மேலே இருப்பது கீழே இருப்பதைக் கடித்து எடுக்கும். இன்டர்செக்ட் என்றால் பொதுவான துண்டு மட்டும் மிஞ்சும். பார்க்க மூன்று பட்டன்கள். உள்ளே, எல்லா ஓரங்களும் எங்கெங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு துண்டும் மற்றதன் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சோதித்து, வேண்டியவற்றை மட்டும் சுற்றிக் கோத்துத் திரும்பவும் மூட வேண்டும். ஓட்டை உள்ள வடிவம், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் வடிவம் என்று எது வந்தாலும் தடுமாறாத பொதுவழியை 1992-இல் பாலா வட்டி என்பவர் ஒரு கட்டுரையில் கொடுத்தார். இன்றைக்கும் பல நிரல்களில் அவர் வழியோ அதன் வழித்தோன்றலோ ஓடுகிறது.

திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதுதான் ஆபத்து. பிளாட்டருக்கு நிறம் தெரியாது. ஓரம் மட்டும் தெரியும். ‘பூம்புகார்’ என்பதைக் கொஞ்சம் நெருக்கி, எழுத்தும் காலும் ஒட்டினாற்போல அலங்காரமாகக் கோத்து வைத்திருப்பார்கள். திரையில் ஒரே சிவப்பு. பிளாட்டரோ ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டும். எழுத்தும் காலும் ஏறிக்கொள்ளும் இடத்தில் கத்தி எழுத்தின் நடுவே ஓடிவிடும். உரிக்கும்போது தாளோடு சின்னச் சின்னத் துண்டுகள் வரும். பிளாட்டருக்கு அனுப்பும் முன் வெல்ட் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. ஸ்டென்சிலுக்கு இரண்டு பட்டை விட்ட ஆள், உளி எடுக்கும் முன் இதைத்தான் யோசித்தார். இப்போது யோசிக்காமலும் வெட்டலாம். ரோல் வீணான பிறகு யோசிக்கலாம். பழைய ஆட்களை மேலே தூக்கிவைக்க எனக்கு ஆசை இல்லை. தகரம் அவர்களை யோசிக்க வைத்தது, அவ்வளவுதான்.

கத்திக் கருவிக்கு டெல்டாவில் மிக அதிகமாக வேலை கொடுப்பது ரோலின் அகலம். நாலடி உயர எழுத்து வேண்டும் என்பார்கள், ரோலோ இரண்டடி. எழுத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்த துண்டுகளைச் சரியாக ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டினால், பூம்புகார் வெயிலில் ஸ்டிக்கர் கொஞ்சம் சுருங்கிய உடனே நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் ஒரு துண்டை சில மில்லிமீட்டர் நீட்டி, மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறுமாறு வெட்டுவார்கள். மழைநீர் இணைப்புக்குள் இறங்காமல் வழிந்துபோக வேண்டுமானால் மேலேயுள்ளதுதான் மேல்வரிசையாக இருக்க வேண்டும். ஓடு வேய்ந்த வீட்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடற்கரைக்குப் போனால் கதை வேறு. கட்டுமரத்துக்கு எழுத்து எழுத இடமே கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்ததுதான் கட்டுமரம். தட்டையான பக்கம் எங்கே? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு நீண்ட, வழவழப்பான பக்கவாட்டு இருந்தது. பெயர் எழுதலாம், அந்தோணியாரோ மாரியம்மனோ படம் போடலாம், கட்சிக் கொடி நிறமும் அடிக்கலாம். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் கடல் வழியாக நடந்த பிறகு பதிவு எண் விஷயத்தில் அரசு கண்டிப்பு காட்டியது. நாட்டின் எழுத்துகள், மாநிலத்தின் எழுத்துகள், மாவட்ட எண், பிறகு படகின் எண் என்று நீளமான வரி ஒன்று ஒவ்வொரு படகிலும் ஏறியது.

அந்த வரியை ஸ்டென்சில்காரரின் கண்ணால் பாருங்கள். ஐ, என், டி என்ற ஆங்கில எழுத்துகளில் ‘டி’க்கு மட்டும் மூடிய வயிறு. தமிழ்நாட்டின் டி, என் இரண்டும் தொல்லையில்லை. இந்த ‘டி’ வேறு, அது வெறும் கம்பும் குறுக்குக்கட்டையும். எண்களில் 1, 2, 3, 5, 7 அப்படியே விழும். 0, 4, 6, 9 ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நிற்க வேண்டும். 8-இல் இரண்டு. எட்டு நிறைய வரும் நம்பர் கிடைத்தவனுக்குத் தகரம் வெட்டுகிறவர் கூடக் காசு கேட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இன்று அந்த வேலையில் ஸ்டிக்கரும் பெயின்டும் கைகோத்திருக்கின்றன. படகில் நேராக ஸ்டிக்கர் ஒட்டினால் உப்புத் தண்ணீரும் வலை உரசலும் ஓரத்தைக் கிளப்பிவிடும். ஆகவே எண்ணை ஸ்டிக்கரில் வெட்டி, எண் இருக்கும் பகுதியை உரித்து எடுத்துவிட்டு, சுற்றியுள்ளதைப் படகில் ஒட்டுவார்கள். அதன்மேல் பெயின்ட் அடித்துக் காய்ந்ததும் மிச்சத்தை உரித்தால் கூரான ஓரத்தோடு எண் நிற்கும். இதில் 8-இன் இரண்டு உள்துண்டுகளுக்கும் பட்டையே வேண்டாம்; அவை தாமாகவே படகில் ஒட்டிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக ஸ்டென்சில்காரரைத் தொல்லைப்படுத்திய பிரச்சினையைத் தீர்த்தது கணினி என்று நினைக்கத் தோன்றும். தீர்த்தது ஸ்டிக்கரின் முதுகில் இருக்கும் பசைதான்.

வேறொரு பக்கம் ரேடியம் கடைகளின் சோறு குறைந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை நிறுவனமே பொருத்தித் தர வேண்டும் என்று ஆனது. நம்பர் பிளேட் வெட்டிப் பிழைத்தவர்கள் பைக் டேங்க்குக்கும் ஹெல்மெட்டுக்கும் மாறினார்கள். சித்திரை முழுநிலவுக்கு இந்திர விழா, ஆடி, தை அமாவாசைகளில் சங்கமத்தில் நீராட வரும் கூட்டம், தேர்தல், காதுகுத்து என்று ஃப்ளெக்ஸ் வேலை மட்டும் குறைவதில்லை. ஃப்ளெக்ஸில் வெட்டும் பிரிப்பும் அவ்வளவாக இல்லை. முகத்தைப் பெரிதாக்கினால் போதும். தொழிலில் உயிரே இல்லாத பகுதி அது என்பது என் எண்ணம்.

இழப்பு என்று சொன்னால் எழுத்தின் முகம்தான். ஒவ்வொரு பெயின்டருக்கும் தனி ‘ழ’, தனி ‘ஞ’ இருந்தது. சுவரைப் பார்த்தே யார் கை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். இப்போது சீர்காழியிலும் சேலத்திலும் அதே நாலைந்து ஃபான்ட். அந்த எழுத்துகளை ஸ்கேன் செய்து, ஓரம் பிடித்து, வெக்டராக மாற்றி வைத்திருக்கலாம். மாற்றும் கருவி கோரலிலேயே இருக்கிறது. செய்யவில்லை. சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டோம். 1973-இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தபோது, கணபதி ஸ்தபதியின் மேற்பார்வையில் கண்ணகி கதை கல்லில் ஏறியது. கல்லில் வெட்டியதற்கு அந்த மரியாதை; சுவரில் எழுதியதற்கு இல்லை.

பழைய தகரப் பிரச்சினை இப்போது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஊர்ப்பக்கம் புதுவீடுகளின் இரும்புக் கேட்டில் மயிலும் யானையும் வீட்டுப் பெயரும் லேசரில் வெட்டிய தகட்டில் வருகின்றன. தகட்டில் பசை கிடையாது. ஃப்ளெக்ஸும் ஸ்டிக்கரும் மட்டும் பழகிய பையன் வரைந்து அனுப்பிய ‘அம்மன் இல்லம்’ வெட்டி வரும்போது, ‘ம’வின் சுழித்துண்டு இயந்திரத்தின் அடியில் கிடக்கும், கேட்டில் அந்த இடம் ஒரே ஓட்டை. இணையத்தில் கிடைத்த மயில் படத்தை ஓரம் பிடித்ததில் ஆயிரக்கணக்கான நோடுகள் விழுந்திருக்கும். இயந்திரம் ஒவ்வொன்றிலும் திக்கித் திக்கி ஓடும். எங்கேயோ ஓர் ஓரம் மூடாமல் திறந்து கிடந்தால் அந்தத் துண்டு தகட்டை விட்டுப் பிரியாது. வேலை தெரிந்த டிசைனர்கள் சுழிகளின் மேல் மெல்லிய செவ்வகம் வைத்து ட்ரிம் கொடுத்துப் பட்டை விடுகிறார்கள்; தகடு எத்தனை மில்லிமீட்டர் தடிமனோ அதற்குக் குறையாமல் பட்டையின் அகலம் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு வயர்ஃபிரேம் பார்வைக்கு மாற்றி, நிறமெல்லாம் மறைந்த கோட்டுப் படத்தில் ஒவ்வொரு சுழியாகப் பார்த்து, திறந்த நோடுகளை இணைத்துவிட்டுத்தான் ஃபைலைப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள்.